கொழும்பு ஈரத்தில் கியூபச் சுருட்டைப் புகைக்க ஆயத்தப்படுத்துவது எப்படி?

கடலோரன் (வெள்ளவத்தை) கேட்டது:

வணக்கம். அடுத்த மாதக் கடைசியில் என் மூத்த மகளுக்கு எழுத்து (திருமணப் பதிவு). விடுமுறையில் வந்துபோன என் மைத்துனர், அன்று மாலை நெருங்கிய உறவினர்களுக்கும் தன் பழைய பள்ளித் தோழர்களுக்கும் கொடுக்கவென்று 25 கியூபச் சுருட்டுகள் அடங்கிய மரப்பெட்டி ஒன்றை என் பொறுப்பில் விட்டுச் சென்றிருக்கிறார். ரோபஸ்டோ என்ற அளவைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றும் 124 மில்லிமீற்றர் நீளமும் ஏறக்குறைய 20 மில்லிமீற்றர் விட்டமும் உடையவை. பெட்டி இப்போது படுக்கையறை அலுமாரியில், சேலைகள் இருக்கும் தட்டுக்கு மேல்தட்டில் இருக்கிறது.

நான் புகைப்பவன் அல்லன். என் தகப்பனார் சுருட்டுப் பத்தும் பழக்கமுடையவர். ஆனால் அவர் பத்திய சுருட்டு இரு முனையும் திறந்தே வரும், நெருப்புக்குச்சியைத் தட்டினால் வேலை முடிந்தது. இந்தச் சுருட்டிலோ வாயில் வைக்கும் முனை இலையால் மூடி உருட்டப்பட்டிருக்கிறது. அதைப் பல்லால் கடித்துத் துப்புங்கள் என்று சம்பந்தி வீட்டாரிடம் சொல்ல முடியாது.

ஆங்கில வழிகாட்டிகள் சிலவற்றை வாசித்தேன். சுருட்டு காய்ந்துவிடக் கூடாது என்பதையே அவை திரும்பத் திரும்ப வலியுறுத்தி, பெட்டிக்குள் நனைத்த பஞ்சு வைக்கும்படி சொல்கின்றன. கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் எங்கள் வீட்டில் உப்புச் சாடியே கசிந்து கட்டியாகிவிடுகிறது. இங்கேயும் பஞ்சு தேவைதானா? முனையை எந்த இடத்தில், எதனால் வெட்ட வேண்டும்? நெருப்பு வைப்பதற்கென்று முறை ஏதும் உண்டா? விருந்து காலி வீதியிலுள்ள ஒரு மண்டபத்தில் நடைபெறும். மண்டபத்துக்கு மேலே திறந்த மாடி உண்டு.

ஈரமானி (பம்பலப்பிட்டி) மறுமொழி:

பஞ்சு வேண்டவே வேண்டாம். நீங்கள் வாசித்த வழிகாட்டிகள் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடும் நாட்டாருக்காக எழுதப்பட்டவை. அங்கே அறைக் காற்று வறண்டு சுருட்டு சருகாகிவிடும். கொழும்பில் ஆண்டின் பெரும்பகுதி சாரீரப்பதன், அதாவது காற்றிலுள்ள ஈரத்தின் அளவு, 70 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது, மழை நாளில் 90 சதவீதத்தையும் தொடுகிறது. சுருட்டைச் சேமித்து வைக்க 65 முதல் 70 சதவீதமும், புகைக்கும் வேளையில் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் இருப்பது நல்லது என்பது பரவலான வழக்கம். ஆகவே அங்கே ஈரம் ஊட்டுவது எப்படியோ, இங்கே ஈரத்தை இறக்குவதுதான் ஆயத்தத்தின் முதல் வேலையும் பெரும்பகுதி வேலையும் ஆகும். வெட்டுவதும் பற்றவைப்பதும் அதற்குப் பிறகு வருபவை. ஈரமான சுருட்டை எவ்வளவு நேர்த்தியாக வெட்டினாலும் அது ஒழுங்காக எரியப் போவதில்லை.

காரணம் எளியது. இலையிலுள்ள நீர் ஆவியாகிய பின்னரே இலை எரியும். நீர் மிகுந்தால் தணலின் வெப்பம் அதை ஆவியாக்குவதிலேயே செலவாகி, தணல் அடிக்கடி அணைகிறது. அணையாமல் காக்கப் புகைப்பவர் அடிக்கடி இழுக்கிறார். அப்படி இழுப்பதால் புகை சூடேறிக் கசந்துவிடுகிறது. அதோடு, உள்ளே இருக்கும் இலைகள் ஈரத்தால் வீங்கிக் காற்று செல்லும் வழியை அடைத்துக்கொள்கின்றன, சில வேளைகளில் மெல்லிய மேலுறை இலையை வெடிக்கவும் வைக்கின்றன.

செய்ய வேண்டியது இது. இறப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத உணவுப் பெட்டி ஒன்றை மணம் போகக் கழுவி நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். சுருட்டுகளையும், மரப்பெட்டியில் சீடர் மரத் தகடு இருந்தால் அதையும், அதற்குள் மாற்றுங்கள். ஈரத்தை ஏற்கவும் விடவும் வல்ல இருவழி ஈரக்கட்டுப்பாட்டுப் பொதிகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் 65 சதவீதத்துக்குரியதை வாங்குங்கள். 25 சுருட்டுக்கு 60 கிராம் பொதி ஒன்று என்பது பொதுவான கணக்கு. ஈரத்தை வெளியே எடுக்க வேண்டியிருப்பதால் நான் இரண்டு வைப்பேன். பிறகு மூடிவிட்டு, எழுத்து நாள் நெருங்கும் வரை அடிக்கடி திறந்து பார்க்காமல் இருங்கள்.

காத்திருப்பதில் அவசரம் கூடாது. மேலுறை ஒரு நாளில் உலர்ந்துவிடும்; நடுப்பகுதி உலர இரண்டு மூன்று வாரமாவது செல்லும். சிலிக்கா ஜெல், அரிசி, தலைமுடி உலர்த்தி என்று விரைவு வழிகளை நாடினால், உள்ளே இன்னும் வீங்கியிருக்கும் இலையின் மேல் மேலுறை மட்டும் சுருங்கி நீளவாக்கில் பிளந்துவிடும்.

வெப்பம் இன்னொரு தொல்லை. புகையிலை வண்டு என்ற சிறு பூச்சியின் முட்டைகள் இலையோடு சுருட்டுக்குள் வந்துவிடுவது உண்டு. குளிர்ந்த இடத்தில் அவை பொரிப்பதில்லை. ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமும் ஈரமும் சேர்ந்திருந்தால் பொரித்து, புழு சுருட்டைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். நம் அலுமாரிகள் அந்த வெப்பநிலையை ஆண்டு முழுவதும் தாண்டியே இருக்கின்றன. ஆகவே பெட்டியில் அடுக்குவதற்கு முன், சுருட்டுகளை இரட்டைப் பொலித்தீன் பையில் இட்டு, காற்றைப் பிழிந்து இறுகக் கட்டி, உறைபெட்டியில் மூன்று நாள் வையுங்கள். அடுத்து ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலும், இன்னொரு நாள் அறையிலும் வையுங்கள். அதுவரை பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் கொழும்புக் காற்றிலுள்ள ஈரம் முழுவதும் குளிர்ந்த இலையின் மேல் துளித்துவிடும். மூடியிருந்தால் பைக்கு வெளியேதான் துளிக்கும்.

காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானிக் கருவி வாங்குவதாயின் அதைச் சோதித்த பிறகே நம்புங்கள். சோடா மூடி ஒன்றில் கறியுப்பை நிரப்பி, உப்பு கரைந்துவிடாமல் சேறாகும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து ஒரு பைக்குள் இரவு முழுவதும் மூடி வைத்தால், அது 75 சதவீதம் காட்ட வேண்டும். வேறு எண்ணைக் காட்டினால் அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

பொட்டணி (கொட்டாஞ்சேனை) மறுமொழி:

ஈரமானித் தம்பி சொன்னதன் உட்பொருளோடு எனக்கு முரண்பாடில்லை. ஆனால் கருவி இல்லாவிட்டால் காரியம் நடக்காது என்று கடலோரன் அஞ்ச வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே வந்து சுருட்டுக்கடை வைத்த தலைமுறையைச் சேர்ந்தவர் என் பாட்டனார். அவர் கடையில் எந்த அளவுகருவியும் இருந்ததில்லை. புட்டுக்கு மாக் குழைக்கும்போது பதத்தைக் கை சொல்வது போலச் சுருட்டின் பதத்தையும் கையே சொல்லும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து, நெருப்பு வைக்கும் கால்முனையிலிருந்து வாயில் வைக்கும் தலைமுனை வரை மெல்ல அழுத்திக்கொண்டு போங்கள். அழுத்திய இடம் சிறிது உள்வாங்கி மீண்டும் எழும்பினால் பதம் சரி. உள்வாங்கி அப்படியே பள்ளமாக நின்றால் ஈரம். நொறுங்கும் ஓசை கேட்டால் காய்ந்துவிட்டது. ஓரிடத்தில் மட்டும் கட்டியாகத் தட்டுப்பட்டால், அங்கே இலை முறுகி அடைத்திருக்கிறது என்று பொருள். அந்தச் சுருட்டைச் சம்பந்தியிடம் நீட்ட வேண்டாம்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது அந்த அலுமாரிதான். சேலைத் தட்டு என்றீர்கள். நப்தலீன் உருண்டை போட்டிருப்பீர்களே? எங்கள் புகையிலையைத் தென்னம் பொச்சு மூட்டிப் புகை போட்டுப் பதப்படுத்துவார்கள். அந்த இலைக்குத் தனக்கென்று கடுமையான மணம் உண்டு, பக்கத்து மணம் அதில் எளிதில் ஏறாது. கியூபாவில் இலையைக் கொட்டகைக்குள் கோலில் தொங்கவிட்டுக் காற்றிலேயே உலர்த்தி, பிறகு குவியலாக அடுக்கி நொதிக்க விடுகிறார்கள். நொதிக்கும்போது அமோனியா வெளியேறி இலை மென்மையடைகிறது. அந்த மென்மணத்துக்காகத்தான் அவ்வளவு விலை கொடுக்கிறார்கள். நப்தலீனோ வாசனைத் திரவியமோ அதன் மேல் ஏறிவிட்டால் இறங்காது. இன்றே பெட்டியை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். உறைபெட்டியில் வைக்கும்போதும் கருவாட்டுப் பொட்டலத்துக்கு அயலில் வைக்காதீர்கள். இரட்டைப் பை என்று தம்பி சொன்னதில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

இனி வெட்டு. சுருட்டின் தலையில் இருப்பது தனியாக வெட்டி ஒட்டிய ஒரு சிறு தொப்பி இலை. சுவையற்ற தாவரப் பசையால் அதை ஒட்டுகிறார்கள். மேலுறை இலை அவிழ்ந்து போகாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்தத் தொப்பிதான். கூர்ந்து பார்த்தால் தொப்பி முடியும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று சுற்றிவரக் காண்பீர்கள். வெட்டு அந்தக் கோட்டுக்கு மேலேயே நிற்க வேண்டும். தலையின் வளைவு நேராகத் தொடங்கும் தோளுக்குச் சற்று மேலே, நுனியிலிருந்து 2 மில்லிமீற்றர் அளவுக்கு வெட்டினால் போதும். கோட்டைத் தாண்டி வெட்டினால், பாதி புகைப்பதற்குள் மேலுறை சுருள் சுருளாகக் கழன்று உதட்டில் ஒட்டும். குறைவாக வெட்டிவிட்டால் இன்னும் கொஞ்சம் வெட்டலாம். கூடிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

கருவி இரட்டை அலகுள்ள வெட்டியாக இருக்கட்டும். ஒற்றை அலகு எதிர்ப்புறத்தை நசுக்கிவிடும். சமையலறைக் கத்தரிக்கோலும் அப்படியே. கை பழகாதவர்களுக்கு ஓர் உபாயம் உண்டு: வெட்டியை மேசையில் தட்டையாக வைத்து, அதன் துளைக்குள் சுருட்டின் தலையைக் கீழ்நோக்கி நிறுத்தி, நுனி மேசையில் முட்டிய நிலையில் ஒரே மூச்சில் அழுத்துங்கள். மேசையே வெட்டின் ஆழத்துக்கு எல்லையாகிவிடும். மெதுவாக அழுத்தினால் இலை கிழியும். விரைவாக அழுத்தினால் சீராக அறும். வட்டமாகத் துளையிடும் குத்தூசிக் கருவியும் கிடைக்கும். உருண்டைத் தலைக்கு அது பொருந்தும், கூம்புத் தலைக்குப் பொருந்தாது. உங்களுடையவை உருண்டைத் தலை என்பதால் இரண்டும் ஆகும். ஆயினும் துளை சிறியதாகையால் ஈரமிக்க ஊரில் தார்போன்ற பிசின் அதில் தேங்கிக் கசக்கும். நான் நேர்வெட்டையே சொல்வேன்.

வெட்டியதும், பற்றவைப்பதற்கு முன் வெறுமனே ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காற்று சிறு தடையோடு வர வேண்டும். வரவே இல்லையென்றால் இன்னும் ஒரு மயிரிழை வெட்டலாம், அல்லது அடைப்புள்ள இடத்தை விரல்களால் மெல்ல உருட்டித் தளர்த்தலாம்.

வெட்டுவதற்கு முன் தலையை நாவால் நனைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. காய்ந்த ஊரில் தொப்பி நொறுங்காதிருக்க அது உதவும், இங்கே தேவையில்லை. விருந்தில் ஒரே வெட்டி பலர் கைக்குப் போகும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிராந்தியில் தோய்த்துப் பற்றவைக்கும் கூத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

கடலோரன் மீண்டும் கேட்டது:

இருவருக்கும் மிக்க நன்றி. பெட்டி அலுமாரியிலிருந்து வெளியேறிவிட்டது. நப்தலீன் பற்றிய ஊகம் சரியே, ஆனால் உருண்டைகள் கீழ்த்தட்டில் ஒரு பையில் கட்டியிருந்தபடியால் மணம் ஏறியதாகத் தெரியவில்லை. திறந்து பார்த்ததில் இரண்டு சுருட்டுகளின் மேல் வெண்ணிறப் படிவு காணப்படுகிறது. நல்ல சுருட்டு முதிரும்போது அதன் எண்ணெய் இப்படிப் பூக்கும், அது உயர்தரத்தின் அடையாளம் என்று ஓரிடத்தில் வாசித்தேன். உண்மையா?

ஈரமானி மறுமொழி:

விற்பவர்களுக்கு வசதியான நம்பிக்கை அது. கொழும்பில் வெண்படிவைக் கண்டால் முதலில் பூஞ்சணம் என்றே கொள்ளுங்கள். 75 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரத்தில் நாட்கணக்கில் மூடிக் கிடந்த இலையில் பூஞ்சணம் வருவதில் வியப்பில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். நூல் நூலாகவோ பஞ்சு போலவோ எழும்பி, ஆங்காங்கே வட்டப் புள்ளியாக இருந்தால் ஐயமே இல்லை. மேலுறையில் மட்டும் இலேசாகப் படர்ந்திருந்தால் சிலர் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் புகைக்கிறார்கள். நெருப்பு வைக்கும் கால்முனையில், உள்ளிலைகளுக்கிடையில் படர்ந்திருந்தாலோ, பச்சை அல்லது நீல நிறம் தெரிந்தாலோ, எறிந்துவிட வேண்டும். விருந்தினருக்குக் கொடுக்கப் போகும் பெட்டி என்பதால், அந்த இரண்டையும் எப்படி இருந்தாலும் நீக்கிவிடுங்கள் என்பதே என் கருத்து. மற்ற 23 சுருட்டுகளையும் பிரித்துத் தனித்தனியாகப் பார்த்த பிறகு அடுக்குங்கள்.

மாடிக்காற்று (கல்கிசை) மறுமொழி:

நெருப்பைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. மண்டபத்தின் மேல்மாடி என்றால் கடற்காற்று அடிக்கும் இடம். நெருப்புக்குச்சி அங்கே பயனற்றது. காற்றை எதிர்த்து நீலச் சுவாலை எழுப்பும் பியூட்டேன் லைட்டர் இரண்டு வாங்கி வையுங்கள். திரியில் பெற்றோல் போன்ற எரிபொருள் ஊறும் லைட்டரும் மெழுகுதிரியும் வேண்டாம். அவற்றின் மணம் முதல் இழுப்பிலேயே சுருட்டுக்குள் ஏறிவிடும். காற்றில்லாத மூலையில் நீண்ட நெருப்புக்குச்சியைப் பயன்படுத்துவதாயின், தலையிலுள்ள மருந்து முழுவதும் எரிந்து கந்தக மணம் போன பிறகு கிட்டக் கொண்டுபோக வேண்டும்.

பலரும் சுருட்டை வாயில் வைத்துக்கொண்டே சுவாலையை உள்ளே இழுக்கிறார்கள். சிகரெட்டுக்கு அது சரி; 20 மில்லிமீற்றர் அகலமான முனை அப்படிச் சீராகப் பற்றாது. முதலில் சுருட்டைக் கையிலேயே சாய்வாகப் பிடித்து, கால்முனை சுவாலையைத் தொடாமல் அதன் நுனிக்குச் சற்று மேலே நிற்கும்படி வைத்து, மெல்லச் சுழற்ற வேண்டும். விளிம்பு சுற்றிலும் கறுத்து, பிறகு நடுப்பகுதியும் கறுத்துச் சிவக்கத் தொடங்கும். இப்போது முனையை மெல்ல ஊதிப் பாருங்கள்: தணல் வட்டம் முழுவதும் ஒரே சிவப்பாக ஒளிர்ந்தால் பற்றிவிட்டது, இருண்ட பகுதி தெரிந்தால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னும் சிறிது வெப்பம் காட்டுங்கள். அதன் பிறகுதான் வாயில் வைத்து, சுழற்றிக்கொண்டே இரண்டு மூன்று முறை மெதுவாக இழுக்க வேண்டும். பியூட்டேன் சுவாலை மிகவும் சூடானது. கிட்டப் பிடித்தால் இலை கரியாகிக் கசப்பு கடைசிவரை நிற்கும்.

நிமிடத்துக்கு ஓர் இழுப்புப் போதும். அதற்கு மேல் இழுத்தால் சூடேறும். மாடிக் காற்றில் காற்றடிக்கும் பக்கம் விரைந்து எரிந்து மறுபக்கம் நாக்குப்போல நீண்டு நிற்கும். அப்படிப் பிந்திய பக்கத்தை மட்டும் லைட்டரால் தொட்டுச் சரிப்படுத்தலாம். சாம்பலைச் சிகரெட்டைப் போல அடிக்கடி தட்ட வேண்டியதில்லை. 2 சென்ரிமீற்றர் வரை தானே நிற்கும். பெயர்த்தாள் வளையத்தை முதலிலேயே உரிக்க முயன்றால் மேலுறையோடு கிழியக்கூடும். சுருட்டு சூடேறிப் பசை தளர்ந்த பின் எளிதாக வந்துவிடும்.

மருந்துப்பெட்டி (தெகிவளை) மறுமொழி:

மண்டபத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபைச் சட்டத்தின்படி மூடப்பட்ட பொது இடங்களில் புகைத்தல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆகவே மண்டபத்துக்குள் கூடாது. மேல்மாடிக்கும் மண்டப நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலை விற்பதை அதே சட்டம் தடுக்கிறது. நீங்கள் விற்கவில்லை என்றாலும், மாப்பிள்ளையின் இளம் தோழர்கள் கேட்டால் அந்த வயதெல்லையையே நீங்களும் பிடித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று: சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது என்பதை, வழக்கமாகச் சிகரெட் புகைப்பவர்களிடம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சிகரெட் புகையைவிடச் சுருட்டுப் புகை காரத்தன்மை கூடியது. அதனால் உள்ளிழுக்காமலே வாயின் மென்தோல் வழியாக நிக்கொட்டின் இரத்தத்தில் சேர்ந்துவிடும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பெட்டிச் சிகரெட்டின் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். பழக்கமில்லாதவர் வெறும் வயிற்றில் புகைத்தால் வியர்த்துத் தலைசுற்றி வாந்தி வரும். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், மாடியில் தண்ணீரும் இனிப்பும் வையுங்கள். உள்ளிழுக்காவிட்டால் தீங்கில்லை என்று யாராவது மேடை போட்டால் நம்ப வேண்டாம். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்குச் சுருட்டும் காரணமாகிறது. புகைக்காதவரிடம் மரியாதைக்காகக் கூட நீட்டாதீர்கள்.

கடலோரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சுருட்டுகளை இன்று உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். கருவாடு மேல்தட்டுக்கு மாறிவிட்டது. மண்டபத்தாரிடம் நாளை பேசுவேன். கடைசியாக ஒன்று: எழுத்தன்று காலையிலேயே எல்லாவற்றையும் வெட்டித் தட்டில் அடுக்கிவிடலாமா?

பொட்டணி மறுமொழி:

வேண்டாம். வெட்டிய முனை வழியாக மாலைக்குள் ஈரம் ஏறிவிடும். எடுக்காமல் மிஞ்சுபவையும் வீணாகும். காற்றுப் புகாத பெட்டியோடு மாடிக்குக் கொண்டுபோய், கேட்பவருக்குக் கேட்ட நேரத்தில் எடுத்து வெட்டிக் கொடுங்கள். இரட்டை அலகு வெட்டி இரண்டு போதும். அதற்கு முன், நீக்கிவைத்த அந்த இரண்டு பூஞ்சணச் சுருட்டையும் வெட்டிக் கை பழகிக்கொள்ளுங்கள்.